தத்தேயாமா, 1989 அக்டோபர் 8: இலையுதிர்காலப் பனியில் எட்டு உயிர்கள்

1989 அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை. கியோத்தோ, ஷிகா மாகாணங்களைச் சேர்ந்த பத்துப் பேர், ஜப்பானின் தோயாமா மாகாணத்தில் உள்ள தத்தேயாமா மலையில் நடக்கத் தொடங்கினார்கள். நடுத்தர வயதும் அதைத் தாண்டியதுமான, விடுமுறையில் மலைக்குப் போய்வரும் சாதாரண மனிதர்கள். மறுநாள் உயிரோடு இருந்தவர்கள் இரண்டே பேர். மற்ற எட்டுப் பேரும் முகட்டின் மேலேயே குளிரில் இறந்துபோனார்கள்.

அன்று பனிச்சரிவு எதுவும் வரவில்லை. பாறை உருளவில்லை. யாரும் பள்ளத்தில் விழவும் இல்லை. மலையில் சாவதென்றால் நம் மனத்தில் வரும் காட்சிகள் எதுவும் அங்கே நடக்கவில்லை. பத்துப் பேர் நடந்தார்கள், நனைந்தார்கள், மெதுவானார்கள், நின்றார்கள். அவ்வளவுதான். ஜப்பானின் பனிமலைகளில் அனுபவமில்லாதவர்கள் எப்படிச் சாகிறார்கள் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அதன் பிறகு நடந்த பல விபத்துகளும் இதே வரிசையில், கிட்டத்தட்ட இதே படிகளில் நடந்திருக்கின்றன.

பேருந்து போகும் மலை

தத்தேயாமா என்பது ஒரே சிகரம் அல்ல. ஓயாமா (3,003 மீட்டர்), ஓனஞ்சி (3,015 மீட்டர்), ஃபுஜி நோ ஒரித்தத்தே (2,999 மீட்டர்) என்று தெற்கிலிருந்து வடக்காகத் தோளோடு தோள் உரசி நிற்கும் மூன்று உச்சிகளுக்கும் சேர்த்து வைத்த பெயர். ஃபுஜி, ஹாக்குசான் ஆகியவற்றோடு ஜப்பானியர் புனிதமாகக் கருதும் மூன்று மலைகளில் ஒன்று. ஓயாமா உச்சியில் ஒரு கோயில் இருக்கிறது. கோடையில் பூசாரிகள் அங்கேயே தங்கி, ஏறி வருகிறவர்களுக்கு வழிபாடு செய்து வைக்கிறார்கள். தோயாமாவில் பல தொடக்கப் பள்ளிகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை இந்த மலைக்கு அழைத்துப்போவது பல காலமாக உள்ள வழக்கம். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஏறும் மலை என்ற பெயர் இதற்கு அப்படித்தான் வந்தது.

1971இல் தத்தேயாமா குரோபே வழித்தடம் முழுமையாகத் திறந்தது. அடிவாரத்தில் 475 மீட்டரில் இருக்கும் தத்தேயாமா ரயில் நிலையத்தில் கேபிள் கார் ஏறினால் ஏழு நிமிடத்தில் பிஜோதைரா. அங்கிருந்து பேருந்து. ஒரு மணி நேரத்துக்குள் 2,450 மீட்டரில் முரோதோ. வழியில் ஜன்னலுக்கு வெளியே பெரிய பெரிய செதார் மரங்கள் தெரியும், பிறகு குட்டை மரங்கள், பிறகு மரமே இல்லாத புல்வெளி. ஒரு சொட்டு வியர்வை சிந்தாமல் கிட்டத்தட்ட இரண்டாயிரம் மீட்டர் உயரம் ஏறிவிடுகிறோம். இறங்கியதும் கடை, உணவகம், தங்கும் விடுதி, கழிவறை எல்லாம் உண்டு. குதிகால் செருப்போடு குளத்தருகே நின்று படம் எடுத்துக்கொள்கிறவர்களையும் பார்க்கலாம்.

இந்த வசதியைத்தான் முதல் காரணமாக எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். கால்நடையாக இரண்டு நாள் ஏறி வந்தவருக்கு, காற்று மாறுவதும் குளிர் கூடுவதும் மேகம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதும் உடம்பிலேயே பதிந்திருக்கும். பேருந்தில் வந்தவருக்கு அடிவாரத்து வானிலைதான் மனத்தில் இருக்கும். தரையிலிருந்து 100 மீட்டர் உயர்ந்தால் வெப்பம் சராசரியாக 0.6 டிகிரி குறைகிறது. கடற்கரை நகரமான தோயாமாவில் 15 டிகிரி இருந்தால் 3,000 மீட்டர் முகட்டில் பூஜ்யத்துக்குக் கீழே மூன்று டிகிரி. ஊரில் ஒரு சட்டையோடு சுகமாக நடக்கிற அதே வேளையில் மேலே தண்ணீர் உறைந்துகொண்டிருக்கும்.

அக்டோபர் முற்பாதி இந்த மலை மிக அழகாக இருக்கும் காலமும்கூட. உச்சியில் முதல் பனி வெள்ளை, நடுவில் சிவந்த இலைகள், கீழே இன்னும் பச்சை. ஜப்பானியர் இதை 'சந்தான் கோயோ', மூன்றடுக்கு இலைநிறம், என்பார்கள். இதைப் பார்க்கத்தான் கூட்டம் வருகிறது. அந்த வெள்ளை அடுக்குக்குள்ளேயே நடக்கப் போகிறோம் என்பது பலருக்கு உறைப்பதில்லை. தோயாமா வானிலை அலுவலகத்தில் ஊழியர்கள் நகரத்திலிருந்து மலையை வெறும் கண்ணால் பார்த்து, உச்சி வெளுத்த நாளை 'ஹத்சு கன்செத்சு' என்று ஆண்டுதோறும் அறிவிப்பார்கள். கீழே இருப்பவர்களுக்கு அது பருவம் மாறும் நற்செய்தி. மேலே இருப்பவர்களுக்கு அன்றைக்கே குளிர்காலம்.

அன்று நடந்தது

முரோதோவிலிருந்து கல் பாவிய பாதை ஒன்று மெல்ல ஏறி, ஒரு மணி நேரத்தில் 2,700 மீட்டரில் உள்ள இச்சினோகோஷிக்குப் போகிறது. இரண்டு மலைகளுக்கு நடுவே கழுத்துப்போல் இறங்கியிருக்கும் இடம் அது. ஒரு மலைவிடுதியும் உண்டு. அதுவரை ஏறி வரும் பள்ளத்தாக்கில் காற்று ஓரளவு மறைந்திருக்கும். இச்சினோகோஷியில் கால் வைத்ததும் காற்று நேராக வந்து முகத்தில் அறையும். அங்கிருந்து கல்லும் பாறையுமான சரிவில் இன்னொரு மணி நேரம் ஏறினால் ஓயாமா.

பத்துப் பேரும் ஏறிக்கொண்டிருந்தபோதே பனி பிடித்துக்கொண்டது. ஜப்பானில் 'மேற்கே உயரம், கிழக்கே தாழ்வு' என்று சொல்லும் குளிர்கால அழுத்த அமைப்பு அன்று உருவாகியிருந்தது. ஆசியப் பெருநிலத்தின் மேல் உயரழுத்தம், பசிபிக் பக்கம் தாழ்வழுத்தம். நடுவில் சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைத் தாண்டி ஓடிவரும். வரும் வழியில் கடலின் ஈரத்தையும் அள்ளிக்கொண்டு முதலில் மோதுகிற பெரிய சுவர்களில் ஒன்று தத்தேயாமா. கடலுக்கும் இந்தச் சுவருக்கும் நடுவே இருப்பது தோயாமா சமவெளி மட்டும்தான். உலகிலேயே மிக அதிகமாகப் பனி கொட்டும் இடங்களில் ஒன்றாக இந்தப் பக்கம் இருப்பதற்கு இதுதான் காரணம். ஓயாமாவின் கிழக்குச் சரிவில் கோடையிலும் கரையாமல் கிடக்கும் பனித்திரள், ஜப்பானின் முதல் பனியாறுகளில் ஒன்றாக 2012இல் உறுதிசெய்யப்பட்டது. அந்த அளவுக்குப் பனியைக் கொண்டுவந்து கொட்டும் காற்றின் பாதையில் அன்றைக்குப் பத்துப் பேர் நடந்துகொண்டிருந்தார்கள்.

ஓயாமாவை அடைந்த பிறகும் திரும்பவில்லை. முகட்டைப் பிடித்து வடக்கே, ஓனஞ்சி வழியாக, ஒரித்தத்தேயைக் கடந்து மசாகோ மலையை (2,861 மீட்டர்) நோக்கிப் போனார்கள். நல்ல நாளில் ஓயாமாவிலிருந்து ஓனஞ்சிக்கு அரைமணி நேரம் போதும். அங்கிருந்து மசாகோவுக்கு இன்னும் ஒரு மணி நேரம். அன்று அந்தத் தூரத்துக்கு அவர்களுக்குப் பிற்பகல் முழுவதும் பிடித்தது. களைத்தவர்களுக்காக மற்றவர்கள் நின்றார்கள். நின்றவர்களும் குளிர்ந்தார்கள். மசாகோவை நெருங்கும்போது சிலரால் நகரவே முடியவில்லை.

ஓரளவு தெம்போடு இருந்த இரண்டு பேர் உதவி தேடிக் கிளம்பினார்கள். பனிப்புயலில் வழி தவறிவிட்டது. விடுதியைக் கண்டுபிடிக்க முடியாமல் இரவை மலையிலேயே கழித்து, மறுநாள் காலையில்தான் தகவல் சொல்ல முடிந்தது. மீட்பவர்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டுப் பேருக்கும் காலம் கடந்திருந்தது.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு பார்த்தால் மனம் கனக்கும். மசாகோவுக்குச் சற்று முன்னால், முகட்டிலிருந்து கொஞ்சம் கிழக்கே, குரானோசுகே மலைவிடுதி இருக்கிறது. மேற்குப் பக்கம் 'ஓபாஷிரி' என்ற பாதை முகட்டிலிருந்து பிரிந்து ராய்ச்சோசாவா கூடாரத் திடலுக்கு இறங்குகிறது. அதற்கும் முன்னால் ஓனஞ்சியில் ஓர் ஓய்விடம், ஓயாமாவில் கோயில் அலுவலகக் கட்டடம். யாருமே இல்லாத காட்டில் அவர்கள் தொலையவில்லை. கூரைகளுக்கு நடுவில்தான் இறந்தார்கள்.

ஆனால் வரைபடத்தில் இரண்டு அங்குலம் தள்ளி இருப்பதும் வெண்படலத்தில் இரண்டு அங்குலம் தள்ளி இருப்பதும் ஒன்றல்ல. மேகமும் பறக்கும் பனியும் தரைப் பனியும் ஒரே வெள்ளையாகக் கலந்தால் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியாது. நீட்டிய கையின் விரல்கள் தெரியும், முன்னால் போகிறவரின் பை தெரியும், அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. ஓபாஷிரி வழியாக இறங்குவதென்றால் மேற்கிலிருந்து வரும் காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டே இறங்க வேண்டும். கண்ணைத் திறக்க முடியாது. அக்டோபர் 8 அன்று அங்கே சூரியன் மறைவது மாலை 5.20 வாக்கில். அதற்குப் பிறகு வெள்ளையும் போய் இருட்டு.

பனி என்று ஒரே சொல்

தமிழில் பனி என்ற ஒரே சொல்லுக்குள் மார்கழி விடியலின் ஈரமும் இருக்கிறது, இமயத்தின் வெண்மையும் இருக்கிறது. இந்த விபத்தைப் புரிந்துகொள்ள அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரியில் விழும் பனி மாவு மாதிரி. சட்டையில் பட்டால் தட்டிவிடலாம். அக்டோபரில், பூஜ்யத்தை ஒட்டி விழும் பனி அப்படியல்ல. பட்ட இடத்தில் ஒட்டும், உடம்புச் சூட்டில் கரையும், தையல் வழியாக உள்ளே இறங்கும். பிறகு காற்றில் அதுவே உறையும். ஜனவரி மலையில் இறந்தவர்களைவிட அக்டோபரிலும் மே மாதத்திலும் இறந்தவர்களைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவது இதனால்தான். ஜனவரியில் போகிறவருக்கு எங்கே போகிறோம் என்று தெரியும்.

அசையாத காற்றைவிடத் தண்ணீர் ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடம்பின் சூட்டை இழுத்துக்கொண்டு போகும். பருத்தி உடை ஈரத்தை விடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். நாம் நல்லது என்று நம்பும் பருத்தி பனியன், ஜீன்ஸ் இரண்டும் மலையில் ஆபத்தானவை. அதோடு காற்று. வினாடிக்கு ஒரு மீட்டர் காற்று கூடினால் உணரும் குளிர் ஒரு டிகிரி கூடும் என்பது ஜப்பானிய மலையேறிகள் வைத்திருக்கும் மனக்கணக்கு. பூஜ்யம் டிகிரியில் 15 மீட்டர் காற்றென்றால் உடம்புக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 15. நனைந்த உடம்புக்கு அதைவிட மோசம்.

உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கினால் மருத்துவர்கள் அதை ஹைப்போதெர்மியா என்பார்கள். முதலில் நடுக்கம். பல் தந்தியடிக்கும், தோள் குலுங்கும். நடுக்கம் என்பது தசைகளை உதறி உடம்பு தானே சூடு உண்டாக்கும் முயற்சி. அதற்கு நிறையச் சர்க்கரை எரியும். சாப்பிட்டு நேரமாகியிருந்தால் எரிக்க ஒன்றும் இருக்காது. அடுத்து விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. பிறகு நாக்கு குழறும், கால் தடுமாறும். கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமாக வரும், இல்லையென்றால் எரிச்சலாக வரும். 32 டிகிரியை ஒட்டி நடுக்கம் நின்றுவிடும். கூட இருப்பவர்கள் 'பரவாயில்லை, தேறிவிட்டார்' என்று நினைக்கும் இடம் அதுதான். உண்மையில் உடம்பு முயற்சியைக் கைவிட்ட இடம். அதற்கும் அப்பால், சிலர் சூடாக இருக்கிறது என்று உடையைக் கழற்றிவிடுவதும் உண்டு.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். விரல்கள் செயலிழப்பது வெகு சீக்கிரம் நடக்கும். பையில் கம்பளி மேலுடை இருக்கிறது, மழைக்கால்சட்டை இருக்கிறது, ரொட்டி இருக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் கையுறையைக் கழற்ற வேண்டும். இடுப்புப் பட்டையின் கொக்கியை அழுத்த வேண்டும். உறைந்த ஜிப்பை இரண்டு விரலால் பிடித்து இழுக்க வேண்டும். கழற்றிய கையுறையைக் காற்று அடித்துக்கொண்டு போய்விடும். மேலுடையை விரித்தால் அது பாய்மரம் மாதிரி படபடக்கும், உள்ளே பனி புகும். ஷூவைக் கழற்றாமல் மழைக்கால்சட்டையை மாட்ட முடியாமல் ஒற்றைக்காலில் தடுமாற வேண்டும். இதையெல்லாம் யோசித்துப் பார்த்துவிட்டு மனம் சொல்லும்: 'சரி, இன்னும் கொஞ்ச தூரம்தானே, விடுதியில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.' அந்த வார்த்தையைச் சொல்வதே குளிரில் மந்தமாகிக்கொண்டிருக்கும் மூளைதான்.

பழைய ஜப்பானியச் செய்தித்தாள்களில் இப்படி இறந்தவர்களை 'ஹிரோ தோஷி' என்று எழுதினார்கள். களைத்து உறைந்து இறந்தது என்று பொருள். அந்தப் பெயரால் ஒரு கெடுதல் விளைந்தது. களைப்புத்தான் கொல்கிறது, உடல் வலு உள்ளவன் தப்பிப்பான் என்ற எண்ணம் மலையேறுபவர்களிடையே ஊறிப்போயிற்று. 2009க்குப் பிறகுதான் 'தெய்தாய்ஒன்ஷோ', அதாவது உடல்வெப்பக் குறைவு, என்ற சொல் சாதாரண மலையேறிகளின் பேச்சில் பரவலாக வந்தது. அதற்கும் ஒரு விபத்துத்தான் காரணம்.

ஏன் திரும்பவில்லை

இறந்தவர்கள் மேல் குற்றம் சுமத்துவது சுலபம். எனக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் எந்த இடத்தில் அவர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று தேடாமல் விடவும் முடியாது.

என் கணிப்பில் அந்த இடம் இச்சினோகோஷி. பனி விழுகிறது, காற்று அடிக்கிறது, பின்னால் ஒரு மணி நேரத்துக்குள் பேருந்து நிலையம். முன்னால் இருப்பது நாள் முழுக்க நீளும் முகடு. அங்கே திரும்பியிருந்தால் இழப்பு ஒரு விடுமுறை நாள் மட்டுமே. ஓயாமாவில் திரும்பியிருந்தாலும் பிழைத்திருக்கலாம், ஏறிய பாதையே கீழே கொண்டுபோய் விட்டிருக்கும். ஓனஞ்சிக்கு அப்பால் அந்த வாய்ப்பு தலைகீழாகிவிட்டது. திரும்பினால் வந்த முகடு முழுவதையும் மறுபடி கடக்க வேண்டும். முன்னால் போனால் விடுதி. நடந்து முடித்த தூரமே 'இன்னும் போ' என்று தள்ளும். முகட்டுப் பாதைகளில் இருக்கும் பெரிய ஆபத்து இது. சரிவில் ஏறும்போது திரும்புவது என்றால் இறங்குவது, நிமிடத்துக்கு நிமிடம் காற்று குறையும். முகட்டில் முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே உயரம், அதே காற்று.

பத்துப் பேர் என்ற எண்ணிக்கையும் அவர்களுக்கு எதிராக வேலை செய்திருக்கும் என்றே நினைக்கிறேன். தனியாகப் போகிறவன் பயந்தால் திரும்பிவிடுவான். பத்துப் பேரில் ஒருவருக்குப் பயம் வந்தால் மற்ற ஒன்பது பேரின் பயணத்தைக் கெடுப்பதாகத் தோன்றும். வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள், விடுப்பு எடுத்து நாள் குறித்திருக்கிறார்கள், தங்குமிடம் பேசியிருக்கிறார்கள். நண்பர்கள் குழுவில் 'எனக்கு முடியவில்லை' என்று முதலில் சொல்கிறவருக்கு எவ்வளவு கூச்சம் இருக்கும் என்று நமக்குத் தெரியாததா? நடை வேகமோ மிக மெதுவானவரின் வேகம்தான். நன்றாக இருந்தவர்களும் காற்றில் நின்று நின்று குளிர்ந்தார்கள். கடைசியில் இரண்டு பேர் உதவி தேடிப் பிரிந்து போனதும், மற்றவர்களால் நகர முடியாமல் போன பிற்பாடுதான் நடந்தது.

மறுபடியும், மறுபடியும்

2006 அக்டோபர் 7. தத்தேயாமா இருக்கும் அதே மலைத்தொடரில் (ஜப்பானின் 'வட ஆல்ப்ஸ்') ஷிரோஉமா சிகரத்தை நோக்கி வழிகாட்டியோடு போன குழுவில் நான்கு பெண்கள் இறந்தார்கள். அதே வாரம், அதே வகைப் பனிப்புயல், விடுதி இருக்கும் இடத்தை நெருங்கிய பிறகு. வழிகாட்டி கூட இருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

2009 ஜூலை 16. ஹொக்கைதோவின் தொமுராஉஷி மலை, 2,141 மீட்டர். சுற்றுலா நிறுவனம் ஒன்று அழைத்துப்போன 15 பேரும் 3 வழிகாட்டிகளும் மழையிலும் கடுங்காற்றிலும் சிக்கி, எட்டுப் பேர் இறந்தார்கள். பனி விழவே இல்லை, நடுக்கோடை. உடல்வெப்பக் குறைவு பற்றி ஜப்பானில் எல்லோரும் பேசத் தொடங்கியது இதற்குப் பிறகுதான். தாழ்ந்த மலை, கோடைக்காலம், வழிகாட்டி மூவர். இவற்றில் எதுவும் நனைந்த உடம்பைக் காப்பாற்றவில்லை.

2012 மே 4. மறுபடி ஷிரோஉமா பகுதி. வயது முதிர்ந்த ஆறு ஆண்கள். மருத்துவர்களும் அவர்களில் இருந்தார்கள். காலையில் கோடைபோல இருந்த வானம் பிற்பகலில் பனிப்புயலாக மாறியது. இரண்டு தாழ்வழுத்தங்களுக்கு இடையே சில மணி நேரம் மட்டும் வானம் வெளுப்பதை ஜப்பானிய மலையேறிகள் 'கிஜி கோத்தென்' என்பார்கள், போலி நல்வானிலை என்று. ஆறு பேருமே இறந்தார்கள். மெல்லிய உடையோடு போனார்கள் என்று முதலில் செய்தி வந்தது. பிறகு அவர்களுடைய பைகளில் குளிருக்கான உடைகள் இருந்தது தெரியவந்தது. உடம்பு என்னவாகும் என்று படித்துத் தெரிந்தவர்கள் இருந்த குழு, உடையும் கையில் இருந்தது. போட்டுக்கொள்ள வேண்டிய நேரம் எப்போதோ கடந்துவிட்டிருந்தது.

ஃபுஜி மலையில் வேறு மாதிரி

இன்றைக்கு அனுபவமில்லாதவர்களை அதிகம் இழுப்பது ஃபுஜி. ஜூலை தொடக்கத்திலிருந்து செப்டம்பர் 10 வரைதான் ஏறும் பருவம். அதற்கு வெளியே பாதைகள் மூடப்படும், விடுதிகள் பூட்டப்படும். 2025 ஏப்ரலில் தனியாக ஏறிய மாணவர் ஒருவர், காலணியில் மாட்டும் இரும்பு முள்சட்டத்தை இழந்து, இறங்க முடியாமல் உதவி கேட்டார். ஹெலிகாப்டர் வந்து மீட்டது. நான்கே நாளில், விட்டுவந்த கைப்பேசியையும் பொருட்களையும் எடுக்க மறுபடி ஏறி, உயரநோயால் மீண்டும் மீட்கப்பட்டார். ஊரே சிரித்தது. அடிவாரத்து ஃபுஜினோமியா நகர மேயர், மீட்புச் செலவை ஏறியவரிடமே வாங்க வேண்டும் என்றார். சைத்தாமா மாகாணம் 2018 முதலே சில மலைகளில் ஹெலிகாப்டர் மீட்புக்குக் கட்டணம் வாங்கி வருகிறது.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. குளிர்கால ஃபுஜி தத்தேயாமாவைவிட வேறு விதத்தில் கொடியது. தனியாக நிற்கும் கூம்பு என்பதால் எந்தத் திசைக் காற்றுக்கும் மறைவே கிடையாது. காற்று பனியை மெருகேற்றி, கண்ணாடி மாதிரி ஆக்கிவிடும். அதில் சறுக்கினால் பிடிக்க ஒரு மரம்கூட இல்லை. முள்சட்டம் ('ஐசென்'), பனிக்கோடாரி ('பிக்கெல்') இரண்டும் இல்லாமல் அங்கே நிற்கவே கூடாது. அவற்றைக் கடையில் வாங்கினால் மட்டும் போதாது. சறுக்கத் தொடங்கிய முதல் கணத்திலேயே கோடாரியைப் பனியில் குத்தி உடம்பை நிறுத்தப் பழகியிருக்க வேண்டும். வேகம் பிடித்த பிறகு யாராலும் முடியாது. பழகாதவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பருவத்துக்கு வெளியே ஃபுஜியை அடிவாரத்து ஏரிக்கரையிலிருந்து பாருங்கள்.

போகத்தான் போகிறீர்கள் என்றால்

போக வேண்டாம் என்று சொல்லமாட்டேன். அக்டோபர் முரோதோவை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். குளத்தில் மலை தலைகீழாகத் தெரியும், தாழ்ந்த பைன் புதர்களுக்குள்ளிருந்து ராய்ச்சோ பறவை பாதி வெளுத்த இறகோடு நடந்து வரும்.

உடம்பை ஒட்டிப் போடுவது கம்பளியோ செயற்கை இழையோ, பருத்தி கூடவே கூடாது. காற்றையும் ஈரத்தையும் மறிக்கும் மேலுடை, கால்சட்டை இரண்டும் வேண்டும். குடையும் மெல்லிய பிளாஸ்டிக் மழைக்கோட்டும் 15 மீட்டர் காற்றில் ஒன்றுக்கும் ஆகாது. கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று நிச்சயம் நனையும். சாப்பாட்டைப் பைக்குள் புதைக்காமல் சட்டைப்பையில் வையுங்கள், கையுறையோடே எடுத்து வாயில் போடும்படி. தலையில் மாட்டும் விளக்கு, பகலில் திரும்பிவிடுவோம் என்று நம்பினாலும். 'த்செல்த்' என்ற சின்ன அவசரக் கூடாரத் துணி ஒன்று. சில நூறு கிராம்தான் எடை. நகர முடியாமல் போனால் நாலைந்து பேர் அதைத் தலைக்கு மேல் போர்த்தி உட்கார்ந்தாலே காற்று நிற்கும். கைப்பேசியில் மட்டும் வரைபடத்தை வைத்திருக்காதீர்கள். குளிரில் மின்கலம் சட்டென்று இறங்கிவிடும். காகிதம் ஒன்று, உள்சட்டைப் பையில் கைப்பேசி.

கிளம்புவதற்கு முன்னால் 'தோசான் தொதோகே', அதாவது எந்த வழியில் போகிறோம், யார் யார், எப்போது இறங்குவோம் என்ற விவரத்தை எழுதிக் கொடுங்கள். இப்போது இணையத்திலும் கொடுக்கலாம். தோயாமா காவல்துறைக்கு 1965 முதல் மலை மீட்புப் படை இருக்கிறது, முரோதோவிலும் அவர்கள் இருப்பார்கள். அவர்களிடம் போய் 'இன்றைக்கு முகட்டில் எப்படி இருக்கிறது?' என்று கேட்பதற்கு வெட்கப்படத் தேவையில்லை. உடைந்த ஜப்பானிய மொழியில் கேட்டாலும் போதும், அவர்கள் முகத்திலேயே பதில் தெரிந்துவிடும். 2023இல் மட்டும் ஜப்பான் மலைகளில் ஆபத்தில் சிக்கியவர்கள் 3,568 பேர். அவர்களைத் தேடிப் போனவர்களும் அதே காற்றில்தான் போனார்கள்.

இச்சினோகோஷிக்கு வந்ததும் விடுதியின் காற்று மறைந்த பக்கமாக ஒதுங்குங்கள். பையை இறக்கி, குளிர்கிறதோ இல்லையோ, எல்லா உடையையும் அங்கேயே போட்டுக்கொள்ளுங்கள். ஏதாவது சாப்பிடுங்கள். கூட வந்தவர்களில் மிக மெதுவாக வருகிறவரிடம் பேச்சுக் கொடுங்கள். பதில் வழக்கமான வேகத்தில் வருகிறதா, கையுறையைக் கழற்றித் திரும்ப மாட்ட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு ஏறி வந்த பக்கம் திரும்பி, கீழே முரோதோ நிலையத்தின் கூரை தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை, பனியும் விழுகிறது என்றால், கல் பாவிய பாதை கால்களுக்குக் கீழேயே இருக்கிறது. நண்பகலுக்கு முன்னால் திரும்பினால் சூப்பு குடித்து முடித்த பிறகும் கடைசிப் பேருந்துக்கு இன்னும் சில மணி நேரம் இருக்கும்.